அக்கா மகனுக்குப் போட்ட ஜாமீனும் திருச்சியில் கேட்ட வீட்டுக்கடனும்

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நான், இம்முறை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, திருச்சியில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்க வங்கிக்கடன் கேட்டு விண்ணப்பித்தேன். சம்பளச் சான்று, வரிக் கணக்கு, கடவுச்சீட்டு, வேலை அனுமதி அட்டை, சிங்கப்பூரில் எடுத்த கடன் அறிக்கை என்று கேட்டவை அனைத்தையும் கொண்டு சென்றிருந்தேன். கடன் அதிகாரி அவற்றையெல்லாம் விரைவாகப் பார்த்து முடித்துவிட்டார். ஆனால் ஒருவருடைய கடன்களையும் அவற்றைக் கட்டிய வரலாற்றையும் காட்டும் சிபில் அறிக்கையில், என் பெயரில் ‘ஜாமீன்தாரர்’ என்று இருந்த ஒரே ஒரு பதிவைப் பற்றித்தான் பேச்சு நெடுநேரம் நடந்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் உள்ள உறவினருக்காகக் கையெழுத்திட்டிருப்போர் பலர் என்பதால், அந்தப் பதிவு என் விண்ணப்பத்தை எப்படிப் பாதித்தது என்பதையும், அலுவலகங்களில் எனக்குக் கிடைத்த சேவை எப்படி இருந்தது என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

நான் சென்னையில் வேலை பார்த்த காலத்தில் அக்கா மகன் பொறியியல் படிக்க 7 லட்சம் ரூபாய் கல்விக்கடன் வாங்கினான். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரையிலான கல்விக்கடனுக்கு மூன்றாம் நபர் ஜாமீன் கேட்பது வங்கிகளின் பழைய வழக்கம். அத்தான் இல்லாத குடும்பத்தில் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவன் தாய்மாமனாகிய நான்தான். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் பக்கத்தில் ஜாமீன் கையெழுத்தை வெறும் சடங்காகவே பலர் எண்ணுகிறார்கள். சட்டம் அப்படி எண்ணுவதில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன் போட்டவருக்கும் உண்டு. கடன்காரர் கட்டத் தவறினால், முதலில் அவர் சொத்தை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை.

இதனால்தான் அந்தக் கடன் என் பெயரிலான அறிக்கையிலும் முழுத் தொகையுடன் காட்டப்படுகிறது. அதிகாரி, “சார், இது நீங்க வாங்கின கடன் இல்லைன்னு எங்களுக்கும் தெரியும், ஆனா நாளைக்கு அவர் கட்டலைன்னா நீங்கதானே கட்டணும்” என்றார். அவர் சொன்னதில் தவறு காண முடியவில்லை. என்றாலும் அதன் விளைவைக் கணக்காகப் பார்த்தபோதுதான் அதன் எடை புரிந்தது.

கல்விக்கடனில் படிப்புக் காலத்திலும் அதற்குப் பிந்தைய சலுகைக் காலத்திலும் வட்டி சேர்ந்துகொண்டே வருவதால், தவணை தொடங்கியபோது மாதம் சுமார் 12,000 ரூபாய் ஆகியிருந்தது. வீட்டுக்கடனுக்கு 8.5 விழுக்காடு வட்டி, 20 ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 868 ரூபாய். ஆகவே அந்த 12,000 ரூபாயை என் சொந்தக் கடமையாக வங்கி கழித்தால், எனக்குக் கிடைக்கக்கூடிய வீட்டுக்கடன் ஏறத்தாழ 13 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் குறைந்துவிடும். நான் கேட்டிருந்தது 45 லட்சம். வீட்டின் விலையில் 80 விழுக்காட்டுக்குள்தான் அது இருந்தது என்பதால் வேறு தடை எதுவும் இல்லை. குறையும் தொகையை மட்டும் கையிருப்பிலிருந்து நானே போட வேண்டியிருக்கும்.

சிங்கப்பூரில் வங்கியில் வீட்டுக்கடன் கேட்பவருடைய எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2021 டிசம்பர் முதல் ஒரே விதி இருக்கிறது. இந்தியாவில் இந்த வரம்பை ஒவ்வொரு வங்கியும் தன் கொள்கைப்படி வைத்துக்கொள்கிறது. ஜாமீன் கடனைக் கணக்கில் சேர்ப்பதிலும் அப்படியே. நான் முதலில் சென்ற வங்கி முழுத் தவணையையும் என் தலையில் வைத்தது. இரண்டாவதாகச் சென்ற வங்கியோ, கடந்த 12 மாதத் தவணைகளும் கடன் வாங்கியவரின் சொந்தக் கணக்கிலிருந்தே போயிருப்பதற்கு வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தால் அதைக் கழிக்க மாட்டோம் என்றது. ஒரே அறிக்கையை இரண்டு மேசைகள் இப்படி வேறுவேறாகப் படிக்கும் என்பதை விண்ணப்பிப்பவர் எவரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முதல் வங்கி மறுத்ததும் சோர்ந்து திரும்புவது தேவையற்றது. ஆனால் அதற்காகப் பத்து வங்கிகளில் ஒரே வாரத்தில் விண்ணப்பித்தால், ஒவ்வொரு வங்கியின் விசாரணையும் அறிக்கையில் பதிவாகி, கடனை ஒழுங்காகக் கட்டுவோமா என்பதற்கு அதில் தரப்படும் மதிப்பெண்ணைக் குறைக்கும். முதலில் வாயால் கேட்டுத் தெளிந்த பிறகே விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திடுவது நல்லது.

எனக்கு உண்மையான வருத்தம் வேறொன்றில் இருந்தது. படிப்பு முடிந்து வேலை கிடைக்கத் தாமதமானதால், மருமகன் இரண்டு தவணைகளைக் காலம் கடந்து கட்டியிருக்கிறான். அந்தத் தாமதம் என் அறிக்கையிலும் நாள் கணக்கோடு பதிவாகியிருந்தது. 90 நாளைத் தாண்டியிருந்தால் அது வாராக்கடனாகியிருக்கும். நல்ல வேளையாக அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் கல்விக்கடன் கொடுத்த கிளையிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. அங்கே சென்று கேட்டபோது, அவர்களிடம் நான் குடியிருந்த சென்னை வீட்டு முகவரியும் அக்காலத்துக் கைபேசி எண்ணும் மட்டுமே இருப்பதாகக் காட்டினார்கள். தவணை தவறிய தகவலைச் சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பும்போது, எண்ணோ மின்னஞ்சலோ இருந்தால் வாடிக்கையாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ஜாமீன்தாரருக்கு முதல் தவணை தவறிய உடனேயே சொல்லிவிட்டால், 12,000 ரூபாயை அன்றைக்கே அனுப்பிவிட எங்களைப் போன்றவர்களால் முடியும். பொறுப்பை முழுமையாகச் சுமத்தும் வங்கி, தகவலையும் முழுமையாகத் தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அன்றே என் சிங்கப்பூர் எண்ணையும் மின்னஞ்சலையும் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினேன்.

அந்தக் கிளையில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நிலுவை கட்டப்பட்ட பிறகும் அறிக்கையில் அது நிலுவையாகவே தெரிந்தது. கிளை அலுவலர் முதலில், “தானா சரியாயிடும் சார்” என்றார். நான் சிபில் தளத்தில் முறையீடு பதிவு செய்து, கட்டிய ரசீதுகளையும் இணைத்தேன். முறையீட்டை 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதை மரியாதையாக எடுத்துச் சொன்னதும் கிளை மேலாளரே முன்வந்து திருத்தத்தை அனுப்பினார். காலக்கெடுவுக்குள் நிலுவை நீங்கியது. தாமதமாகக் கட்டிய வரலாறு மட்டும் நீங்காது. அது உண்மையில் நடந்தது என்பதால், கடந்த 36 மாதத் தவணை விவரத்தில் அது இருக்கத்தான் செய்யும்.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நான்கையும் எடுத்துப் பார்ப்பது விடுமுறை நாள்களை மிச்சப்படுத்தும். அதற்குப் பான் எண்ணும், ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேரும் கைபேசி எண்ணும் வேண்டும் என்பதால் இந்திய எண்ணை உயிரோடு வைத்திருப்பது அவசியம்.

ஜாமீனிலிருந்து விலக முடியுமா என்றும் கேட்டுப் பார்த்தேன். கொடுத்து முடித்த கடனுக்கு நாமாக விலக முடியாது. அதே தகுதியுள்ள வேறொருவர் முன்வந்து, வங்கியும் சம்மதித்தால்தான் மாற்றலாம். மருமகன் இப்போது ஒழுங்காகக் கட்டிவருவதால் நான் அதை வற்புறுத்தவில்லை. அவன் தன் கணக்கு விவரத்தைத் தயங்காமல் எடுத்துத் தந்தான். தவணை நாளுக்கு முந்தைய நாளே கணக்கில் பணம் இருக்கும்படி தானியங்கி ஏற்பாடும் செய்துகொண்டான்.

இரண்டாவது வங்கி 45 லட்சத்துக்கும் கொள்கை அளவில் ஒப்புதல் கடிதம் கொடுத்துவிட்டது. வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், வழக்கறிஞர் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை ஆகியவை மட்டும் பாக்கி. பத்திரப்பதிவின்போது நான் ஊரில் இருக்க இயலாது என்பதால், அண்ணன் பெயருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்கிறேன். கல்விக்கடன் முடியும் நாளில் ‘நிலுவை இல்லை’ சான்றின் ஒரு படியை எனக்கும் அனுப்பும்படி அந்தக் கிளையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது வந்த பிறகு அறிக்கையில் அந்தப் பதிவு ‘முடிந்தது’ என்று மாறியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது.