22.4 போதுமா, சமன்பாடு வேண்டுமா?

நிறை தெரிந்த வாயுவின் கனஅளவைக் காண இரண்டு வழிகள்: ஒரு மோல் வாயுவின் கனஅளவான 22.4 லிட்டர், அல்லது நல்லியல்பு வாயுச் சமன்பாடு. பரீட்சையில் வேகமானது 22.4. நிறையை மோலார் நிறையால் (ஒரு மோல் எத்தனை கிராம் என்பதால்) வகுத்து, வந்த மோலை (மூலக்கூறுகளை எண்ணும் அலகு) 22.4 லிட்டரால் பெருக்கினால் முடிந்தது. ஆனால் அந்த எண் 0 டிகிரி செல்சியஸுக்கும் 1 வளிமண்டல அழுத்தத்துக்கும் மட்டுமே உரியது. அழுத்தத்தை 1 பார் என்று எடுத்தால் அதுவே 22.7 ஆகிவிடும்.

இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக் கிடங்குக்கு வருவோம். 100 கன மீட்டர் அறை, 20 டிகிரி. பழுக்க வைக்க 11.2 கிராம் எத்திலீன் விடுகிறோம். மோலார் நிறை 28, ஆக 0.4 மோல். 22.4 கணக்கில் கிட்டத்தட்ட 9 லிட்டர்.

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள்: கனஅளவு = மோல் × வாயு மாறிலி (0.0821) × கெல்வின் வெப்பநிலை ÷ அழுத்தம். ஊர் மேட்டில் இருப்பதால் அழுத்தம் ஏறக்குறைய 0.95 வளிமண்டலம்தான். 0.4 × 0.0821 × 293 ÷ 0.95. விடை 10.1 லிட்டர்! உணவுப் பாதுகாப்பு விதிப்படி எத்திலீன் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) வரைதான். இந்த அறைக்கு அது 10 லிட்டர். முதல் கணக்கு எல்லைக்குள் நிற்கிறது, இரண்டாவது தாண்டிவிடுகிறது.

சரி, 22.4 வேண்டாமா? வினாத்தாளில் திட்ட வெப்ப அழுத்த நிலை (0 டிகிரி, 1 வளிமண்டலம்) என்றிருந்தால் தாராளமாகப் போடுங்கள். மற்ற இடங்களில் என் ஓட்டு சமன்பாட்டுக்கே. செல்சியஸோடு 273 கூட்டிக் கெல்வினாக்க மட்டும் மறக்க வேண்டாம். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அங்கேதான்.