மைக்ரோபிட்: ஒரு வருஷம் மகள் கையில் கொடுத்துப் பார்த்த பிறகு

போன வருஷம் மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி அளவுள்ள சர்க்யூட் போர்டு. பிள்ளைகள் புரோகிராம் எழுதிப் பழகும் குட்டிக் கணினி: மைக்ரோபிட், இரண்டாம் பதிப்பு. பேட்டரிப் பெட்டியோடு சேர்த்து 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. பெண் குழந்தைக்கு இதை வாங்கலாமா என்று தோழிகள் இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், அதனால் பார்த்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

இதை வாங்கத் தூண்டியது திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர். இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்த பெண். 2021-ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். அந்த வீடியோவைப் பார்த்த என் மகள், "அவங்க மொதல்ல எதை வச்சு ஆரம்பிச்சாங்கம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இவள் ஆரம்பிக்க வீட்டில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

பிபிசி 2016-ல் பிரிட்டனில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த போர்டு இது. முன்பக்கம் 25 குட்டி எல்இடி, இரண்டு பட்டன். சாய்ந்தால், குலுங்கினால் தெரிந்துகொள்ளும். வெப்பம், வெளிச்சம், திசை எல்லாம் அளக்கும். இரண்டாம் பதிப்பில் மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்திருக்கின்றன. மேக்கோட் என்ற இலவச இணையதளத்தில் கட்டங்களை இழுத்து அடுக்கினாலே புரோகிராம் ஆகிவிடும், போர்டு கையில் வருவதற்கு முன்பே திரையில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் நாள் எங்களுக்கு ஏற்பட்ட சிக்கல், கணினியிலிருந்து போர்டுக்குப் புரோகிராமை ஏற்றும் வயரில்தான். வீட்டிலிருந்த பழைய ஃபோன் வயர் சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. உங்கள் வயரை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் இதயம் வரைந்தாள், பாட்டு போட்டாள், குலுக்கினால் தாயம் விழுகிற மாதிரி செய்தாள். அப்புறம் போர்டு மேஜை டிராயருக்குள் போய்விட்டது. பணம் வீணோ என்று நான் வருத்தப்பட்ட நேரத்தில்தான் எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்து பெரிய சண்டை. எட்டு வீட்டுக்கும் ஒரே தொட்டி, ஒரே மோட்டார். வழிவது மூன்றாவது மாடிக்காரர்களுக்குக் கேட்கும், சுவிட்சோ தரைத்தளத்தில். தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் செய்யப் போகிறேன் என்று அன்று ராத்திரி டிராயரைத் திறந்தாள்.

போர்டின் அடிப்பக்கத்தில் முதலை கிளிப் (பல் வைத்த சின்னக் கவ்வி) மாட்டுகிற மாதிரி ஓட்டைகள் இருக்கின்றன. அதில் இரண்டில் வயரை மாட்டி, மறுமுனை இரண்டையும் தண்ணீரில் வைத்தால் போதும், தண்ணீரே சுவிட்சாகிவிடும். வாளியில் அருமையாக வேலை செய்தது. மாடியில் நாலு மீட்டர் வயர் போட்டதும் தண்ணீர் தொடாமலேயே கத்தியது. நீள வயர் ஆன்டெனா மாதிரி, பக்கத்திலிருக்கும் கரன்ட் லைனின் மின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். இது தெரிய அவளுக்கு ஒரு வாரம் ஆனது. வயர்களைப் பின்னல் மாதிரி முறுக்கினாள், பத்து விநாடி விடாமல் ஈரம் காட்டினால்தான் அலாரம் என்று புரோகிராமை மாற்றினாள். சரியானது.

அந்த ஒரு வாரத்தில் என் மாமனார் ஸ்க்ரூடிரைவரை வாங்கிக்கொள்ள வந்தார். "நீ விடும்மா, தாத்தா பண்றேன், கையில குத்திக்கப் போற." ஆசையாகத்தான் சொன்னார். ஆனால் என் மகனிடம் அவர் இப்படிச் சொல்லி நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. "மாமா, அவளே பண்ணட்டும்" என்று சொல்ல எனக்கே தைரியம் தேவைப்பட்டது. போர்டு மூன்று வோல்ட்டில் ஓடுவது, கரன்ட் அடிக்காது, கெட்டுப்போனால் போர்டுதான் கெடும். பெண் பிள்ளை தானே தப்பு செய்து தானே சரி செய்ய இந்த அளவு பாதுகாப்பான பொருள் எனக்கு வேறு தெரியவில்லை.

மேலே ஒரு போர்டு, கீழே ஒன்று என்று வைத்தால் ரேடியோ அலையில் தாமே பேசிக்கொள்ளும், வைஃபை வேண்டாம். ஆனால் இரண்டு போர்டு என்றால் கிட்டத்தட்ட 4,000 ரூபாய். எலக்ட்ரிக்கல் கடையில் போய்ப் பார்த்தாள், சில நூறு ரூபாய்க்கே ரெடிமேட் அலாரம் இருக்கிறது. முகம் வாடிப்போய் வந்தாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அதை ஏன் நம்ம பில்டிங்ல யாரும் வாங்கல?" அடுத்த நாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எட்டு வீட்டுக் கதவையும் தட்டினாள். "இதெல்லாம் அப்பா பண்ணிக் குடுத்தாரா பாப்பா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "இல்ல ஆன்ட்டி, அப்பாவுக்கு இது தெரியாது" என்றாளாம். திரும்பி வந்தபோது அவள் நோட்டில் இருந்தது: சத்தம் யாருக்கும் பிரச்சினை இல்லை, யார் இறங்கிப் போய் நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. அலாரம் அடிக்க வேண்டிய இடம் வாட்ச்மேன் அறை. அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது, அதனால் 25 எல்இடியும் சேர்ந்து மின்னியாக வேண்டும். வாங்குகிறவர் ஒரு வீட்டுக்காரர் அல்ல, எட்டு வீடும் சேர்ந்து.

வீட்டுக்கு 600 ரூபாய் என்று விலை வைத்தாள். ஏழு வீடு கொடுத்தது, ஒரு வீடு மறுத்தது. வந்தது 4,200. இரண்டு போர்டு, பிளாஸ்டிக் டப்பா, வயர், அடாப்டர் எல்லாம் சேர்த்துச் செலவும் கிட்டத்தட்ட அதே. லாபம் இல்லை என்று அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை, கணக்கை மறுபடி போடச் சொன்னேன். தன் உழைப்புக்கு எதுவுமே எழுதவில்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள்.

இனி குறைகள். பேட்டரி: ரேடியோ எப்போதும் ஓடினால் இரண்டு டிரிபிள் ஏ பேட்டரி சில நாள்கூடத் தாங்காது, நாங்கள் மாடிப்படி அறை பிளக்கில் அடாப்டர் போட்டோம். ஃபாஸ்ட் சார்ஜர் வேண்டாம், பழைய சாதா சார்ஜர் போதும். கான்கிரீட் தளங்களைத் தாண்டும்போது ரேடியோ மங்கும், கீழ் போர்டைப் படிக்கட்டு ஓரமாக நகர்த்திய பிறகுதான் சிக்னல் விட்டுப்போகாமல் கிடைத்தது. போர்டுக்கு உறை கிடையாது, ஈரம் படாமல் நீங்கள்தான் டப்பா தேட வேண்டும். வயர் முனையில் செம்பு மட்டும் விட்டால் நாளடைவில் பச்சை படியும், துருப்பிடிக்காத ஸ்டீல் திருகாணி போடுங்கள்.

எட்டு வயதுக்கு மேல் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பிரச்சினை எதுவும் இல்லாத வீட்டில் இது ஒரு மாதத்துப் பொம்மைதான், கூடவே தெருவில், மாடியில், சமையலறையில் எது தொல்லை என்று பிள்ளையைக் கேளுங்கள். வாங்கும்போது இரண்டாம் பதிப்புதானா என்று பாருங்கள்: முன்பக்க லோகோ தங்க நிறத்தில் இருக்கும், தொட்டால் வேலை செய்யும். முடிந்தால் முதலிலேயே இரண்டாக வாங்கிவிடுங்கள். என் மகள் இப்போது பக்கத்துத் தெரு குடியிருப்புக்கு விலை எழுதிக்கொண்டிருக்கிறாள், இந்தத் தடவை வீட்டுக்கு 850.