என்.ஏ.டி. சேலைனா, பி3 குளிசையா?

தீராத களைப்புக்கு என்.ஏ.டி. (கலங்கள் சக்தி பெற உதவும், உடலே விற்றமின் பி3 கொண்டு செய்யும் பொருள்) சேலைனாக ஏற்றச்சொல்லி வெளிநாட்டுச் சொந்தங்கள் சொல்ல, கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் பலர் யோசிக்கிறார்கள்.

உடலில் சேர்வது
சேலைன்: என்.ஏ.டி. பெரும்பாலும் முழுதாகக் கலத்துக்குள் புகாது. உடைந்து நிக்கொட்டினமைட்டு (பி3 இன் ஒரு வடிவம்) போன்ற துண்டுகளாகவே உள்ளே போகும்.
குளிசை: நிக்கொட்டினமைட்டுக் குளிசையில் இருப்பதே அந்தத் துண்டுதான். என் தீர்ப்பில் பாதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

ஏற்றும் விதம்
சேலைன்: வழக்கமாக 250–500 மில்லிகிராம், 2–4 மணித்தியாலம். வேகம் கூடினால் நெஞ்சு இறுகும், குமட்டும், வயிறு பிடிக்கும். உடனே துளியைக் குறைக்கவேண்டும். ஊசி குத்திய இடத்தில் கிருமியும் தொற்றலாம். வவுனியாவில் சிறுநீரக நோயாளர் பலர். அவர்களுக்குக் கூடுதல் திரவமே சுமை.
குளிசை: ஒரு மிடறு தண்ணீர். பி3 இன் மற்ற வடிவமான நிக்கொட்டினிக் அமிலமாக வாங்கினால் முகம் சிவந்து எரியும், நிக்கொட்டினமைட்டில் அது இல்லை.

செலவு
சேலைன்: ஒவ்வொரு தடவையும் காசு, பயணம்.
குளிசை: மலிவு. உணவே போதுமானவர்கள்தான் அதிகம்: நாளுக்கு ஆணுக்கு 16, பெண்ணுக்கு 14 மில்லிகிராம் பி3 தேவை, 100 கிராம் கச்சானில் ஏறக்குறைய 12 உண்டு.

சாப்பாடு குறைந்து பி3 பற்றாதவருக்குக் குளிசை. களைப்புக்கு என்.ஏ.டி. சேலைன் பயன்தரும் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆய்வுக்கு வெளியே வேண்டாம். முதலில் அரச ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின், சீனி, தைரொயிட், கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) பாருங்கள்.