அசனச் சமையலை வெளியாருக்குக் கொடுத்துப் பார்த்தோம்

எங்கள் கிறிஸ்தவ சபையின் பிரதிஷ்டைப் பண்டிகை (ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டதன் ஆண்டுவிழா) அசனத்துக்கு இவ்வாண்டு முதன்முறையாக வெளியூர்ச் சமையல் குழு ஒன்றை அமர்த்தினோம். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டுப் பக்கத்துச் சபைகள் பலவற்றில் இந்தப் பேச்சு இப்போது எழுந்திருப்பதாலும், அண்டைச் சேகரத்துக் (ஒரே குருவானவரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) கமிட்டி அங்கத்தினர் இருவர் என்னிடம் நேரிலேயே விசாரித்துவிட்டதாலும், அந்தக் குழுவின் வேலை எப்படி இருந்தது என்பதை விரிவாக எழுதி வைக்கிறேன். குழுவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன. அவற்றில் பாதி எங்கள் கமிட்டியின் தலையில் விழ வேண்டியவை.

அசனம் என்பது உணவையும் உண்ணுதலையும் குறிக்கும் வடசொல். நெல்லை, தூத்துக்குடிச் சபைகளில் அது பண்டிகையன்று ஊர் முழுவதற்கும் ஆலய வளாகத்தில் போடப்படும் சாப்பாட்டுக்கே உரிய பெயராகிவிட்டது. இதற்கு அழைப்பிதழ் கிடையாது. ஆராதனை முடிந்து மணி அடித்தால் வரலாம், சபையார் அல்லாதவர்களும் வருவார்கள். அரிசி, தேங்காய், வெங்காயம் எல்லாம் காணிக்கையாக வந்து சேரும். ஆடுகளும் பெரும்பாலும் நேர்ந்துவிட்டவைதான். எங்கள் சபையில் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு, ரசம் ஆகிய நான்கும்தான் நெடுங்காலமாகப் பட்டியல். கல்யாண வீட்டு வகைகளைப் புகுத்தும் முயற்சி ஒவ்வொரு ஆண்டும் நடக்கும், ஒவ்வொரு ஆண்டும் தோற்கும்.

இதுவரை சமையலும் எங்களுடையதாகவே இருந்தது. சனிக்கிழமை மாலையில் ஆலயத்துக்குப் பின்னால் நீளவாக்கில் குழி வெட்டி அடுப்பு அமைப்பார்கள்; உடைமரத்து விறகும் காய்ந்த பனைமட்டையும் முதல் நாளே வந்து கிடக்கும். ஆண்கள் ஆடு உரிப்பார்கள், பெண்கள் அரிவாள்மணையோடு வந்து சின்ன வெங்காயம் உரிக்க உட்காருவார்கள், விடியும்போது வடித்த சோறு ஓலைப்பாயில் குவிக்கப்பட்டு வெள்ளை வேட்டியால் மூடப்பட்டிருக்கும். இந்த வேலையைத் தூக்கிச் சுமந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இப்போது அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அவர்களுடைய பிள்ளைகள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள், பண்டிகையன்று காலையில்தான் வந்து இறங்குகிறார்கள். போன ஆண்டு கொதிக்கும் அண்டாவை இறக்கும்போது ஒரு பெரியவருக்குக் காலில் பட்டு, ஆறு வாரம் படுத்துவிட்டார். அதன் பிறகு கமிட்டியில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

பொருள் எங்களுடையது, வேலை அவர்களுடையது என்பது ஒப்பந்தம். 14 பேர் கொண்ட குழு, கூலி 32,000 ரூபாய். 1,200 இலைக்கு 160 கிலோ அரிசி போடச் சொன்னார்கள். ஒரு கிலோவுக்கு ஏழரைப் பேர் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு, கிராமத்து வயிற்றுக்கு அது பொருத்தமான கணக்கும்கூட. 14 ஆடுகளில் ஏறத்தாழ 140 கிலோ கறி தேறியது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இரவு பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்பதே முக்காலுக்கு வேனில் வந்து இறங்கினார்கள். வந்தவுடன் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து, அடியில் பாசி இருப்பதாகச் சொல்லி, அதைக் கழுவி நிரப்பினால்தான் அடுப்புப் பற்ற வைப்போம் என்று தலைமைச் சமையல்காரர் நின்றுவிட்டார். எங்கள் ஆட்கள் பல ஆண்டுகளாக அதே தொட்டித் தண்ணீரில்தான் பொங்கியிருக்கிறோம் என்பதை நினைத்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. தலைக்கு உறை, கைக்கு உறை, பச்சைக் கறி வெட்டிய பலகையில் காய்கறி வைப்பதில்லை என்ற கட்டுப்பாடு எல்லாவற்றையும் நடுராத்திரியிலும் தளர்த்தாமல் கடைப்பிடித்தார்கள். 40 கிலோ கத்தரிக்காயை இயந்திரத்தில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் துண்டாக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். கூட்டும் ரசமும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. ரசம் எங்கள் ஊர் ரசத்தைவிட நன்றாக இருந்தது என்று எழுதினால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.

கறிக்குழம்பில்தான் முதல் சறுக்கல். இந்தக் குழு கல்யாண வீடுகளில் பழகிய குழு. அங்கே ஒரே கடையில், ஏறக்குறைய ஒரே வயதுடைய ஆடுகளின் கறி எடை போட்டு வந்து இறங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே கொதியில் வேகவைத்துவிடலாம். காணிக்கை ஆடு அப்படி வருவதில்லை. ஒரு வீட்டில் எட்டு மாதக் கிடா கொடுப்பார்கள், இன்னொரு வீட்டில் நாலைந்து ஈத்துப் போட்ட கிழட்டு ஆட்டை, நேர்ச்சை என்பதால், மனம் நோகாமல் நாமும் வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பழைய சமையல்காரர்கள் உரிக்கும்போதே எலும்பின் நிறத்தைப் பார்த்து முற்றிய கறியைத் தனி அண்டாவில் போட்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். இவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. விளைவு, ஒரே கரண்டியில் பஞ்சு போன்ற துண்டும் ரப்பர் போன்ற துண்டும் சேர்ந்து வந்தன. மசாலா ருசியாக இருந்தது என்பதால் பலர் பொறுத்துக்கொண்டார்கள்; பல் இல்லாதவர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது சறுக்கல் சமையலைப் பற்றியதே அல்ல. அசனத்தில் இலைபோட்டுப் பரிமாறுவது ஒரு பாதி. வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே அனுப்புவது மறு பாதி. படுக்கையில் கிடப்பவர்கள், பிரசவித்த பெண்கள், துக்க வீட்டார், தனியாக இருக்கும் கைம்பெண்கள் ஆகியோரின் பட்டியல் சபை ஊழியரிடம் இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஓலைப்பெட்டி. அடியில் வாழையிலை, மேலே சோறு, தனித் தூக்குவாளியில் குழம்பு. எங்கள் ஊரில் இவ்வாண்டுப் பட்டியலில் 90 வீடுகள் இருந்தன. ஒரு பெட்டி இரண்டு பேர் வயிறார உண்ணும் அளவு, ஆகவே 180 இலைக்குச் சமம்; ஏழரைப் பேர் கணக்கில் 24 கிலோ அரிசி. இந்த 24 கிலோ யாருடைய கணக்கிலும் இல்லை.

அதிகாலையில் அரிசி களைந்துகொண்டிருந்தபோதே பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஆச்சி ஒருவர் தலைமைச் சமையல்காரரிடம், “தம்பி, எலக் கணக்கு சரி, வீட்டுக்குப் போற பெட்டிக்குக் கணக்கு வச்சியளா?” என்று கேட்டார். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மரியாதையாகத்தான் பதில் சொன்னார்: “பார்சல்னா அது தனியாச் சொல்லணும், ஆச்சி.” பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. பெட்டிகளை நிரப்பி அனுப்பிய பிறகு கடைசிப் பந்தி உட்கார்ந்தபோது சோறு தீர்ந்துவிட்டது. அந்தப் பந்தியில் இருந்தவர்கள் பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள். சபையாருக்குள் காத்திருப்பது வேறு, அவர்களைக் காத்திருக்க வைப்பது வேறு. குழுவினர் கோபித்துக்கொள்ளாமல் உடனே கேஸ் அடுப்பில் மறுபடி உலை வைத்து நாற்பது நிமிடத்தில் சோறு போட்டார்கள், அதற்குத் தனிக் கூலியும் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் சில கைம்பெண்கள் விட்டுப்போனதாக எழுந்த முறுமுறுப்புக்காகத்தான் ஸ்தேவான் முதலான ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். பந்தி விசாரணை என்று தமிழ் வேதாகமம் அந்த வேலைக்குப் பெயர் சூட்டியிருக்கிறது. எங்கள் வாலிபர்கள் பரிமாறும் வேலையை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். விசாரணை என்ற சொல்லில் யார் வந்தார்கள் என்பதோடு யார் வரவில்லை என்பதும் அடங்கும். சமையல் குழுவுக்குத் தெரிந்தது இலைக் கணக்கு. வீட்டுக் கணக்கு எங்களிடம் இருக்க வேண்டியது, அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்காமல் விட்டதும் நாங்கள்தான்.

கூலிக்கு ஆள் அமர்த்தியதில் நான் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எங்கள் சபையில் கறி அண்டாவின் கரண்டி இன்ன குடும்பத்தாருக்கு, சோறு வடிப்பது இன்ன குடும்பத்தாருக்கு, விறகும் எச்சிலிலையும் மட்டும் இன்ன தெருக்காரர்களுக்கு என்று எழுதப்படாத பாத்தியதைகள் உண்டு. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தபோது தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் கடும் எதிர்ப்பு எழுந்து பலர் பிரிந்து நின்றார்கள் என்பது தெரிந்த வரலாறு. இருநூறு ஆண்டு நெருங்கியும், ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்ண நாங்கள் பழகிவிட்டோமே தவிர, யார் கரண்டி பிடிப்பது என்பதில் அந்தப் பழைய காற்று கொஞ்சம் வீசிக்கொண்டுதான் இருந்தது. இவ்வாண்டு அண்டாக்களைக் கிளறிய 14 பேரும் எந்தத் தெருக்காரர் என்று ஊரில் எவருக்கும் தெரியாது, எவரும் கேட்கவுமில்லை. அடுத்த ஆண்டு கரண்டி திரும்ப ஊராரிடம் வந்தால், அது பழைய கைகளுக்கே போகக்கூடாது என்று கமிட்டியில் ஒருவராவது சொல்ல இது இடம் கொடுத்திருக்கிறது.

இழந்ததும் உண்டு. வெங்காயம் உரிக்கும் அந்த ஐந்து மணி நேரம்தான் எங்கள் ஊரில் பெண்கள் அனைவரும் தெரு பார்க்காமல் ஒரே பாயில் உட்காரும் நேரம். எந்த வீட்டில் மருமகள் பேசாமல் இருக்கிறாள், யாருக்கு ஓய்வூதியம் நின்றுபோனது, எந்தப் பையன் வேலையை விட்டுவிட்டு அதை மறைக்கிறான் என்பதெல்லாம் அங்கேதான் வெளிவரும். ஐயரம்மாவும் (எங்கள் குருவானவரின் மனைவி) கூட உட்கார்ந்து உரிப்பதால் மறுவாரம் ஐயர் எந்த வீட்டுக்குப் போய் ஜெபிக்க வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். வருடத்தில் ஐம்பத்திரண்டு ஞாயிறு ஆராதனையில் வராத தகவல் அந்த ஓர் இரவில் வரும். இவ்வாண்டும் இருபது பெண்களுக்குமேல் பழக்கத்தில் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். உரித்த வெங்காயம் பெரிய பிளாஸ்டிக் கூடைகளில் ஏற்கெனவே நிரம்பி இருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள், யாரோ ஒரு கீர்த்தனையை எடுத்தார்கள், இரண்டு சரணத்துக்குமேல் ஓடவில்லை; பத்தரைக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குழுவின்மேல் இதற்குக் குறை சொல்ல முடியாது, வேலையை விரைவாக முடிப்பதற்குத்தான் கூலி கொடுத்தோம். 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார், துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கு அடைக்கலமாக முதலூர் என்ற கிராமத்தை உண்டாக்கிய நாள் முதல் இந்தப் பக்கத்துச் சபைகள் ஒன்றாகக் குடியிருந்துதான் பிழைத்திருக்கின்றன. வெங்காயம் உரிப்பது அந்த ஒன்றாக இருப்பதன் கடைசி மிச்சங்களில் ஒன்று என்று எனக்குத் தோன்றுகிறது. மிகைப்படுத்துகிறேன் என்று என் தம்பி சொல்கிறான். அவன் இதுவரை ஒரு வெங்காயமும் உரித்ததில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூலி புதுச் செலவு. ஆனால் விறகு, பந்தல் விளக்கு, இரவெல்லாம் வேலை செய்பவர்களுக்கான டீ, பலகாரம் ஆகியவற்றில் ஏறத்தாழ 11,000 ரூபாய் மிஞ்சியதால், நிகரக் கூடுதல் 21,000 ரூபாய்தான். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை விடும் ஏலத்தில் ஒரு சேவலும் நான்கு முருங்கைக்காய்க் கட்டும் நல்ல விலைக்குப் போனால் பாதி வந்துவிடும்.

மதிப்பெண் கேட்டால் சமையலுக்குப் பத்துக்கு ஏழு, சுத்தத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். முந்நூறு குடும்பங்களுக்குமேல் உள்ள சபை, அடுப்புப் பக்கம் நிற்க உடல் வலுவுள்ள ஆட்கள் இல்லாத சபை என்றால் தயங்காமல் அமர்த்தலாம். நூறு குடும்பத்துக்குக் குறைந்த சபைக்கு இது தேவையில்லை. 300 இலை என்பது நாலைந்து பேர் சேர்ந்து முடிக்கக்கூடிய வேலை, அதற்குப் பதினான்கு பேர் குழு வருவதும் அவர்களுக்குக் கட்டாது.

எங்கள் கமிட்டி அடுத்த ஆண்டுக்கும் அதே குழுவையே பேசிவிட்டது; முன்பணமாக 2,000 ரூபாயும் கொடுத்தாகிவிட்டது. இம்முறை வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். காய்கறி நறுக்குவதும் வெங்காயம் உரிப்பதும் சபையாரின் வேலை, இயந்திரம் கொண்டுவர வேண்டாம். கறி இரண்டு அண்டாவில் தனித்தனியாக வேக வேண்டும், எது முற்றல் என்பதை எங்கள் பழைய சமையல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிரித்துக் கொடுப்பார். முதல் சோறு வடிந்ததும் பந்திக்கு முன்னதாகப் பெட்டிகள் நிரப்பப்படும். “பெட்டி 100” என்று எழுதியிருந்த வரியைத் தலைமைச் சமையல்காரர் இரண்டாம் முறை வாசித்துவிட்டு, அதை 200 இலையாகவே எழுதிக்கொள்ளலாம், பார்சல் கூலி வேண்டாம் என்றார்.