கேத்தோடு பயாஸா, ஃபிக்ஸட் பயாஸா?

வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் வால்வில் கேத்தோடு எலக்ட்ரான்களை விடும், பிளேட் வாங்கும், நடுவிலுள்ள கிரிட் அந்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும். சிக்னல் இல்லாதபோது கிரிட் கேத்தோடைவிட நெகட்டிவாக இருக்க வேண்டும்; அந்த வித்தியாசம்தான் பயாஸ். நெகட்டிவ் குறைந்தால் பிளேட் சிவந்து வால்வு போய்விடும். அளவுக்கு மீறினால், சத்தம் குறைவாக இருக்கும்போதுகூடக் கரகரப்பு கேட்கும்.

எளிய வழி கேத்தோடு பயாஸ். கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டர், அவ்வளவுதான். கரண்ட் ஏறினால் கேத்தோடு வோல்டேஜும் ஏறும்; கிரிட் இன்னும் நெகட்டிவாகி, கரண்டைத் தானே இழுத்துப் பிடிக்கும். வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்பில் நான்கு இஎல்84 அவுட்புட் வால்வுகளுக்கும் சேர்த்து 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றுதான். அதில் 10 வோல்ட் நின்றால் மொத்தம் 200 மில்லி ஆம்பியர், வால்வுக்கு 50. புது வால்வு மாட்டினால் பெரும்பாலும் எதையும் திருக வேண்டியதில்லை. ஆனால் அந்த 10 வோல்ட் பிளேட் சப்ளையிலிருந்துதான் கழிகிறது. உரக்க வாசிக்கும்போது பயாஸ் நகர்ந்து பவரும் அமுங்கும். கிட்டார்காரர்களுக்கு அது பிடிக்கும். ஹைஃபை கேட்பவர்களுக்கு ஆகாது.

ஃபிக்ஸட் பயாஸில் கிரிட்டுக்குத் தனி நெகட்டிவ் சப்ளை, பெரும்பாலும் அதைத் திருகிச் சரிசெய்ய ஒரு பிரிசெட் (அளவு மாற்றக்கூடிய சிறு ரெசிஸ்டர்). ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ, அதைப் பார்த்து எழுந்த மார்ஷல் ஜேடிஎம்45 இரண்டும் இந்த ரகம். பவர் கூடுதல், பாஸ் இறுக்கமாக வரும். அளப்பதற்குக் கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டால், மீட்டரில் தெரியும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லி ஆம்பியர். இஎல்34 என்ற அவுட்புட் வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். சிக்னல் இல்லாதபோது அதில் 70 சதவீதத்தில் ஓட்டலாம்: 17.5 வாட், பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் சுமார் 39 மில்லி ஆம்பியர். ஸ்கிரீன் (இரண்டாம் கிரிட்) கரண்டும் அந்த அளவில் கலந்திருக்கும், பரவாயில்லை, தப்பு பத்திரமான பக்கம்தான். இந்த 70 சதவீதம் பட்டறைக் கணக்கு, வேதவாக்கு அல்ல. கேத்தோடு பயாஸுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவும் வேண்டாம். அங்கே வரம்பை ஒட்டியே ஓட்டுவார்கள்.

பலர் கவனிக்காதது, கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்கோ பயாஸ் சப்ளைக்கோ போகும் கிரிட் ரெசிஸ்டர். 6எல்6ஜிசி வால்வின் டேட்டாஷீட்டில் கேத்தோடு பயாஸுக்கு 500 கிலோ ஓம் வரை அனுமதி, ஃபிக்ஸடுக்கு வெறும் 100. கிட்டார் ஆம்ப்களில் 220 போட்டுத் துணிச்சலாக ஓட்டுகிறார்கள்! முந்தைய கட்டத்தின் சிக்னலைக் கிரிட்டுக்குக் கடத்தும் கப்ளிங் கபாசிட்டர் கசிந்தாலும் அடி அதிகம் விழுவது ஃபிக்ஸடுக்குத்தான். அப்புறம் பிரிசெட்டின் வைப்பர் (நகரும் முனை) தொடர்பு விட்டால் நெகட்டிவே போய்விடும். அப்படி விட்டாலும் கிரிட் முழு நெகட்டிவுக்குப் போகிற மாதிரி ஒரு ரெசிஸ்டர் சேர்க்காத சர்க்யூட்டை நான் கட்டமாட்டேன்.

முதல் ஆம்ப், 15 வாட் போதும் என்றால் கேத்தோடு பயாஸ். அதற்கு மேல் ஃபிக்ஸட், ஆனால் வால்வுக்கொரு பிரிசெட் வேண்டும். எதுவானாலும் சால்டரிங் அயர்னை எடுக்குமுன் பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கபாசிட்டரில் வோல்டேஜ் இறங்கிவிட்டதா என்று மீட்டரில் பாருங்கள்.