மாயா பஜார் ‘மீட்டெடுத்த ப்ளூரே’ என்று சொல்லி 2,350 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், வாங்கப் போகிறவர்கள் கவனம்

பழைய படங்களின் டிஸ்க்குகளை மட்டுமே விற்கும் ஒரு இணையக் கடை, தமிழ் மாயா பஜாரின் ‘முழுமையாக மீட்டெடுக்கப்பட்ட ப்ளூரே’, அதாவது கீறலும் மங்கலும் நீக்கி டிவிடியைவிடத் தெளிவாகப் பதித்த டிஸ்க், என்று சொல்லி என்னிடம் 2,350 ரூபாய் வாங்கிக்கொண்டது. வந்தது, டிவியில் ஓடியதைப் பிடித்து வெற்று டிஸ்கில் எழுதிய சரக்கு. பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று இன்று காலை முடிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் இந்த மாதிரிக் கடை எப்படிப் பேசும், எப்படி நழுவும் என்பது இந்தப் படத்தைத் தேடிக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

இந்தப் படத்துக்கு ஏன் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 1957ல் கே.வி. ரெட்டி இயக்கத்தில் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த படம் இது. தமிழ்ப் படம் டப்பிங் கிடையாது. தெலுங்கில் நாகேஸ்வர ராவ் நடித்த அபிமன்யுவைத் தமிழில் ஜெமினி கணேசன் செய்தார். லட்சுமண குமாரனாக நம் தங்கவேலு. தெலுங்குப் படத்துக்கு 2010ல் வண்ணம் பூசித் திரும்பவும் தியேட்டருக்கே கொண்டுவந்தார்கள். தமிழுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. அதனால்தான் ‘தமிழ், கறுப்பு வெள்ளை, மீட்டெடுத்தது’ என்று யாராவது சொன்னால் நம்மைப் போன்றவர்கள் பணத்தை எடுத்து நீட்டிவிடுகிறோம். இந்தக் கடைக்காரர்களுக்கு அது நன்றாகவே தெரிந்திருக்கிறது.

கடையின் பக்கத்தில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார்கள். இடது பக்கம் ‘முன்பு’, கீறலும் மங்கலுமாக. வலது பக்கம் ‘பின்பு’, கடோத்கஜனாக நடித்த ரங்காராவின் மீசையில் மயிர் எண்ணலாம். மூல நெகட்டிவிலிருந்து 4கே ஸ்கேன் (மிக நுணுக்கமாக எடுத்த டிஜிட்டல் பிரதி), 174 நிமிடம், வெட்டே கிடையாது என்று கீழே விவரம். அப்போதும் நான் உடனே வாங்கிவிடவில்லை. அங்கே கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்து கேட்டேன்.

எடுத்தவர் பேசிய பேச்சு இருக்கிறதே! ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி பெயரை நான் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னார். “சார், ஆஹா இன்ப நிலாவினிலே பாட்டைப் போட்டுப் பாருங்க. தண்ணியில விழுற நிலா வெளிச்சம் ஒவ்வொரு அலையிலயும் தனித்தனியாத் தெரியும். பார்ட்லி எடுத்தது எடுத்தபடியே இருக்கும். கல்யாண சமையல் சாதம் பாட்டுல லட்டு பறக்குதே, அந்த ட்ரிக் ஷாட்டெல்லாம் நாங்க ஒரு ஃபிரேம்கூட தொடல” என்றார். தங்கவேலுவின் நடிப்பைப் பற்றி வேறு சிலாகித்தார். படத்தை அவ்வளவு நேசிக்கிற ஒருவர் அதே படத்தைக் குதறி விற்பார் என்று யாருக்குத் தோன்றும்? டிஸ்க் 2,200, கூரியர் 150, மொத்தம் 2,350 ரூபாய். பொருள் வந்தபிறகு பணம் தரலாமா என்றதற்கு, “கலெக்டர் எடிஷன் சார், அளவாத்தான் போட்டிருக்கோம், முழுப் பணமும் வந்தாத்தான் எடுத்து வைக்க முடியும்” என்றார். பேசி முடித்த கையோடு அனுப்பினேன்.

பார்சல் வந்தது. நீல நிற உறை, பளபள அட்டை. திறந்து டிஸ்கைத் திருப்பிப் பார்த்தபோதே வயிறு எரிந்தது. தொழிற்சாலையில் அச்சடித்த ப்ளூரேயின் அடிப்பக்கம் வெள்ளியாக ஒரே சீராக மின்னும். இதுவோ கருங்காப்பி நிறம். வெளிச்சத்தில் சாய்த்தால், நடுத்துளையைச் சுற்றி ஒரு விரல் அகலம்கூட இல்லாத வளையம் மட்டும் வேறு சாயலில் தெரிகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் எழுதும் வெற்று டிஸ்கில் எழுதப்பட்ட பகுதி அப்படித்தான் தெரியும். மீதி முழுக்கக் காலி. கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். 25 ஜிபி கொள்ளும் டிஸ்கில் இருப்பது 4 ஜிபிக்குப் பக்கம். மூன்று மணி நேரப் படத்தின் 4கே ஸ்கேனாம், 4 ஜிபியாம்! சாதாரண டிவிடியில் அடங்கிவிடும் சமாசாரம்.

சரி, படமாவது பார்க்கும்படி இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

அந்தக் காலப் படங்களின் ஃபிரேம் சதுரத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம், அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைய டிவி திரையோ அகலம் 16 என்றால் உயரம் 9. ஒழுக்கமாக வெளியிடுகிறவர்கள் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுவிடுவார்கள். இவர்கள் டிவி திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டியதை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்டக் கால் பங்கு படம் காலி. கடோத்கஜன் எழுந்து நின்றால் கிரீடம் பாதிதான் இருக்கிறது. இதைவிடக் கொடுமை, மாயா வத்சலா வரும் இடங்கள். கடோத்கஜன் நாயகி வத்சலாவாக உருமாறி வந்திருக்கிறான் என்பதை சாவித்திரி தன் உடம்பாலேயே காட்டும் இடம் அது. அந்த விறைப்பு, அந்தத் தடதட நடை, திடீரென்று சுதாரித்துக்கொண்டு நாணிக் குழைவது. படத்தின் சிரிப்பில் பாதி அங்கேதான் இருக்கிறது. நடையைப் பார்க்க வேண்டிய இடத்தில் கால் தெரியவில்லை என்றால் என்ன ரசிப்பது?

வலது மேல் மூலையில் படம் முழுக்க ஒரு கலங்கல் கட்டி நிற்கிறது. டிவி சேனலின் சின்னத்தை அழிப்பதற்காகத் தேய்த்திருக்கிறார்கள். ஆள் யாராவது அந்தப் பக்கம் நகர்ந்தால் முகம் கரைந்து மறுபடி முளைக்கிறது. விளம்பர இடைவேளை வந்த இடங்களில் இசை பாதியில் அறுந்து அடுத்த காட்சி குதிக்கிறது. உறையில் 174 நிமிடம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பிளேயர் காட்டுவது 2 மணி 31 நிமிடம். நம் ஊர் டிவி ஒளிபரப்புக்காக நொடிக்கு 24 ஃபிரேம் ஓட வேண்டிய படத்தை 25 ஃபிரேமில் ஓட்டினால் மணிக்கு இரண்டரை நிமிடம் போலக் குறையும். அதைத் தாராளமாகக் கழித்தாலும் ஒரு கால் மணி நேரம் கணக்கில் இல்லை. அந்த வேகத்தால் இன்னொரு கேடும் உண்டு. பாட்டின் சுருதி ஏறிவிடும். பாடகி லீலாவின் குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு முதல் வரியிலேயே உறுத்தும்.

அந்த நிலாப் பாட்டையும் போட்டேன். அலை அலையாக வெளிச்சம் தெரியும் என்றாரே, தெரிந்தது சாம்பல் நிறக் கட்டங்கள். படகு நகர நகர, தண்ணீர் சதுரம் சதுரமாக உடைகிறது. கடைப் பக்கத்தில் ‘முன்பு’ என்று கேவலமாகப் போட்டுக் காட்டியிருந்தார்களே, அந்தப் படமே இந்த டிஸ்க்கைவிட நன்றாக இருந்தது. இதற்கு 2,350 ரூபாய்.

அன்றைக்கே போன் செய்தேன். முன்பு அவ்வளவு நேரம் பார்ட்லியைப் பற்றிப் பேசிய அதே குரல், “டிவி செட்டிங்ஸ் பாருங்க சார், ஜூம்ல இருக்கும்” என்றது. இல்லை என்று போட்டோ எடுத்து அனுப்பினேன். “பழைய படம்னா அப்படித்தான் சார் இருக்கும்.” டிஸ்கின் அடிப்பக்கத்தை எடுத்து அனுப்பினேன். “அது ஸ்பெஷல் கோட்டிங்.” மூலையில் இருக்கும் கலங்கல்? “நெகட்டிவ்லயே அப்படித்தான் இருக்கு.” 1957 நெகட்டிவில் டிவி சேனல் சின்னம்! எதிரே இருப்பவன் இதை நம்புவான் என்று நினைத்து ஒரு மனிதர் இதைச் சொல்கிறார்.

அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவில்லை. மெயில் அனுப்பச் சொல்லி ஒரு தானியங்கி பதில். மெயில் அனுப்பினால் புகார் எண் கொடுத்தார்கள். அடுத்து வந்த பதிலில், சீல் உடைத்த டிஸ்க்கைத் திரும்ப வாங்குவது எங்கள் கொள்கையில் இல்லை என்றிருந்தது. சீல் உடைக்காமல் உள்ளே இருப்பது போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பதாம்? அப்புறம் இன்னொருவர், பெயர் சொல்லாதவர், அடுத்த முறை வாங்கும்போது 200 ரூபாய் தள்ளுபடி தருகிறோம் என்றார். அடுத்த முறையாம். நான் கேட்டது என் 2,350 ரூபாயை. இன்று காலை பார்த்தால், புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்பட்டிருக்கிறது. வாட்ஸாப்பில் என்னைத் தடுத்துவிட்டார்கள். அந்த விற்பனைப் பக்கம் மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது, அதே ‘முன்பு, பின்பு’ படங்களோடு.

‘எங்கள் கொள்கை’ என்று அவர்கள் சொல்வது சட்டத்தின் முன் நிற்காது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும், போலிப் பொருளையும் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளிலேயே இருக்கிறது. புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. இதை எழுதி அனுப்பிய பிறகுதான் என்னைத் தடுத்தார்கள்.

வாங்குவதற்கு முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை. டிஸ்கின் அடிப்பக்கத்தையும் உள்வளையத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அச்சடித்த டிஸ்க் என்றால் வளையத்தில் தயாரிப்பு எண் பொறித்திருக்கும். அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பிளேயரில் படம் ஓடும்போது மொத்த நேரம் தெரிகிற மாதிரி ஒரு சின்ன வீடியோ கேளுங்கள். 1957 படம் டிவி திரையை முழுக்க நிரப்பினால் அது வெட்டிய படம். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கேட்கிறவருக்குக் கொடுக்காதீர்கள், அவர் பார்ட்லியைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும் சரி.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில்தான் நான் பதிவு செய்திருக்கிறேன். இதே மாதிரிக் கடையில் இதே படத்தை வாங்கி ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் பதியுங்கள், பில்லையும் போன் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். 2,350 ரூபாய் இதை எழுதும் வரை வரவில்லை.