ஏணியா, கைக்காசா, முதலீட்டாளர் பணமா?

பழைய பிசியைத் திறந்து சவுண்ட் கார்டோ மோடம் கார்டோ செருகியவர்களுக்கு, மதர்போர்டில் வரிசையாக இருக்கும் அந்த நீளமான கறுப்பு ஸ்லாட்கள் நினைவிருக்கும். கூடுதல் கார்டுகளைக் கணினியோடு இணைக்கும் அந்தப் பாதையை ஐஎஸ்ஏ பஸ் என்பார்கள். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் மார்க் டீன், கறுப்பினப் பொறியாளர். ஐபிஎம் பிசிக்கான அடிப்படைக் காப்புரிமைகள் ஒன்பதில் மூன்றில் அவர் பெயர் இருக்கிறது. ஐபிஎம் ஃபெலோ என்ற, அந்தக் கம்பெனியின் உச்சத் தொழில்நுட்பப் பதவியைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். ஆனால் பிசி விற்ற காசு ஐபிஎம்முக்குத்தான் போனது.

அமெரிக்கத் தொழில்நுட்பத் துறையில் கறுப்பினத்தவர் ஒருவர் மேலே வர மூன்று வழிகள் உண்டு: பெரிய கம்பெனியில் படிப்படியாக ஏறலாம், கைக்காசைப் போட்டுத் தொழில் தொடங்கலாம், முதலீட்டாளர் பணத்தில் ஸ்டார்ட்அப் நடத்தலாம். மூன்றும் ஒரே தூரம் கொண்டுபோவதில்லை.

முதல் வழிக்குப் பொறுமை வேண்டும். உர்சுலா பர்ன்ஸ் 1980இல் ஜெராக்ஸில் கோடைக்காலப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். சிஇஓ ஆனது 2009இல். ஜான் தாம்சன் ஐபிஎம்மில் 28 வருடம் இருந்துவிட்டு 1999இல் சிமான்டெக் என்ற மென்பொருள் கம்பெனியின் தலைவரானார். 2014இல் மைக்ரோசாஃப்ட் இயக்குநர் குழுத் தலைவர். இப்படி உச்சிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2014இல் கூகுள் முதன்முதலாகத் தன் ஊழியர் கணக்கை வெளியிட்டபோது, மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதமான கறுப்பினத்தவர் அங்கே வெறும் 2 சதவீதம். தொழில்நுட்பப் பணிகளில் 1 சதவீதம். இன்னொரு சங்கடம், இது அடுத்தவர் வீட்டு ஏணி. எப்போது வேண்டுமானாலும் எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். 2025 தொடக்கத்தில் மெட்டா, கறுப்பினத்தவர் போன்றோருக்கு இடம் கொடுப்பதற்கான தன் பன்முகத்தன்மைத் திட்டங்களை மூடியது. அடுத்த மாதமே கூகுள் அதற்கான பணியமர்த்தல் இலக்குகளைக் கைவிட்டது.

சரி, சொந்தத் தொழில் என்றால்? எனக்கு மிகவும் பிடித்த கதை ராய் கிளேயுடையது. 1951இல் கணிதப் பட்டத்தோடு மெக்டானல் விமான நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகிறார். விண்ணப்பத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள், ஆளை நேரில் பார்த்ததும் கறுப்பினத்தவருக்கு இந்த மாதிரி வேலை இங்கே இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1956இல் அதே நிறுவனத்தில் புரோகிராமராக நுழைந்தார். 1965இல் எச்பிக்கு வந்து, அந்தக் கம்பெனியின் முதல் கணினியான 2116ஏ-வுக்கு மென்பொருள் எழுதிய குழுவை நடத்தினார். அப்புறம்தான், 1977இல், ராட்-எல் எலெக்ட்ரானிக்ஸ்.

அது தயாரித்தது பளபளப்பான பொருளொன்றும் இல்லை. மின்கருவி தொழிற்சாலையை விட்டுப் போகும் முன் அதன் இன்சுலேஷனில் உயர் மின்னழுத்தத்தைக் கொடுத்து, எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பெட்டி. யாருக்கு அது தேவை? கணினி தயாரிப்பவர்களுக்கு. அந்த உலகத்தை அவர் எச்பியில் உள்ளிருந்தே பார்த்திருந்தார். சம்பளத்துக்குப் பார்த்த வேலை, என்ன விற்கலாம், யாரிடம் விற்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இதை வைத்து எல்லோரையும் வேலையை விடச் சொல்ல முடியாது. ஜெர்ரி லாசனும் அதே பாதையில்தான் போனார். ஃபேர்சைல்டு என்ற சிப் கம்பெனியில் இருந்தபோது, 1976இல், கேட்ரிட்ஜ் மாற்றி விளையாடும் சேனல் எஃப் வீடியோ கேம் கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர். 1980இல் வெளியே வந்து வீடியோசாஃப்ட் என்ற கேம் கம்பெனியைத் தொடங்கினார். 1983இல் வீடியோ கேம் சந்தையே சரிய, அந்தக் கம்பெனியும் நிலைக்கவில்லை.

விழுந்தால் தாங்குவதற்கு வீட்டில் என்ன இருக்கிறது என்பதுதான் கைக்காசுத் தொழிலின் பெரிய கேள்வி. அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (பாதிக் குடும்பங்களுக்கு அதற்கு மேல், பாதிக்கு அதற்குக் கீழ்) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தின் சொத்து சுமார் 45,000. ஸ்டார்ட்அப் உலகில் முதல் பணம் சொந்தபந்தத்திடமிருந்து வரும் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். சொந்தபந்தத்திடம் இருந்தால்தானே.

மூன்றாவது வழி இதைத்தான் ஈடுகட்ட வேண்டும். ஆனால் ஸ்டார்ட்அப் முதலீடுகளைக் கணக்கெடுக்கும் கிரஞ்ச்பேஸ் சொல்வதன்படி 2023இல் அமெரிக்க வென்ச்சர் கேப்பிட்டலில், அதாவது ஸ்டார்ட்அப்களில் போடும் முதலீட்டில், கறுப்பின நிறுவனர்களுக்குக் கிடைத்தது அரை சதவீதத்துக்கும் குறைவு. டிரிஸ்டன் வாக்கர் விதிவிலக்கு. சுருள் முடிக்காரர்கள் பல பிளேடு ரேஸரில் சவரம் செய்தால், வெட்டிய முடி வளைந்து தோலுக்குள்ளேயே திரும்பிப் புடைக்கும். அதற்காக ஒற்றை பிளேடு பெவல் ரேஸரைக் கொண்டுவந்தார். கன்னத்தில் அந்தப் புடைப்பே வராத முதலீட்டாளரிடம் இதை விளக்குவதே ஒரு வேலை. பெரிய முதலீடு கிடைத்தும், 2018இல் கம்பெனி நுகர்பொருள் நிறுவனமான பி அண்ட் ஜி கைக்குப் போனது. கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் மானியம் கொடுத்த அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனத்தின் மீது, இது இனப் பாரபட்சம் என்று சொல்லி 2023இல் வழக்கு பாய்ந்தது. அடுத்த வருடமே அந்தத் திட்டத்தை மூடி சமரசம் செய்துகொண்டார்கள்.

என் ஓட்டு: முதலில் சம்பளம், பிறகு வாடிக்கையாளர் காசு, கடைசியில்தான் முதலீட்டாளர். லாகோஸில் பிறந்த டோப்பே அவோட்டோனா கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தார். மென்பொருள் விற்பனை வேலையில் சேர்த்த ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து இரண்டு லட்சம் டாலரை எடுத்து, 2013இல் சந்திப்பு நேரம் குறிக்கும் மென்பொருளான காலண்ட்லியைத் தொடங்கினார். அதற்கு முன் அவர் நடத்திய புரொஜெக்டர் கடையும் கிரில் அடுப்புக் கடையும் ஓடவில்லை. ஓய்வூதியப் பணத்தை இப்படிப் போடுவது தைரியம்தான், ஆனால் அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இந்தத் தடவை பொருளே விளம்பரமானது: சந்திப்புக்கு நேரம் குறிக்க ஒருவர் லிங்க் அனுப்பினால், பெறுபவருக்கும் காலண்ட்லி அறிமுகமாகிவிடும். நடுவில் சிறிய முதலீடு ஒன்று வாங்கினார். 2021இல் 35 கோடி டாலர் தேடி வந்தபோது கம்பெனி லாபத்தில் இருந்தது. அதில் பெரும்பகுதி ஆரம்பத்தில் கூட இருந்தவர்களின் பங்குகளை வாங்கவே போனது.